ஒரு கணமும் பல கடிகாரங்களும்: நிகழ்நேர யந்திரங்களுக்கான மொழிகளில் இருவகைக் காலங்களின் இணைப்பு

சென்னைக்கு மேற்கே அம்பத்தூரையும் ஆவடியையும் ஊடுருவிச் செல்லும் இருப்புப்பாதை, 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய பாதையாகும். ஒரே தண்டவாளத் துண்டினுள் இரண்டு வண்டிகள் ஒரே சமயத்தில் புகுந்துவிடாதபடி காப்பதற்கென்று ரயில்வேக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வந்த ‘பிளாக்’ முறையை ஆராய்வோர்க்கு, அதில் இருவேறு கால நியதிகள் ஒன்றோடொன்று குழம்பாமல் அருகருகே நிலைபெற்றிருப்பது புலப்படும். ஒரு நிலையத்தின் எல்லைக்குள்ளே, பாதையைத் திருப்பும் பாயின்டும், கைகாட்டியும், கேட்டும் ‘இன்டர்லாக்கிங்’ என்னும் பூட்டுமுறையால் பிணைக்கப்பட்டிருக்கின்றன. பாயின்ட் உரிய பக்கம் திரும்பிப் பூட்டிக்கொள்ளாத வரையில் கைகாட்டி இறங்காது. கைகாட்டி இறங்கியிருக்கும் வரையில் பாயின்ட் அசையாது. எந்தக் கணத்தில் நோக்கினும் அவ்வெல்லைக்குள் உள்ளவை அனைத்தும் முரண்பாடற்ற ஒரே நிலைமையைக் காட்டி நிற்கும். அடுத்த நிலையமோ தனக்கென்று வேறொரு காலக்கிரமம் உடையது. அங்கே நிகழ்வதை இங்குள்ள ஸ்டேஷன் மாஸ்டர் கணந்தோறும் அறிவதற்கில்லை. ஆதலால் அவர் மணியடித்து ‘லைன் கிளியர்’ கேட்கிறார். அங்குள்ளவர் தம் பக்கத்து நிலைமையைச் சரிபார்த்த பின்னரே அதைத் தருகிறார். இருவரும் உடன்பட்டாலன்றி வண்டியை வெளியே அனுப்பும் கடைசிக் கைகாட்டி இறங்குவதில்லை.

இப்புறநகர்ப் பாதையில் இன்று தானியங்கிச் சிக்னல்கள் வந்துவிட்டபோதிலும், பழைய முறையின் அடிப்படைத் தத்துவம் சிந்தனைக்கு உரியதாகவே இருக்கிறது. இரு காலங்களில் ஒன்றை மற்றொன்றாக ஆக்க முயலாமல், இரண்டும் சந்திக்கும் எல்லையைத் திட்டமாக வகுத்து, அவ்வெல்லையில் நிகழவேண்டிய உடன்பாட்டை எழுத்து மூலமான விதியாக நிலைநாட்டியதே அம்முறையின் பலம். யந்திரங்களை ஆளும் கணிப்பொறிகளுக்கு நிரல் எழுதும் மொழிகளிலும் அந்த எல்லை மொழியின் இலக்கணத்திலேயே இடம்பெற வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. அதற்கு வழிகாட்டிய ஆராய்ச்சிகளுள் தலைசிறந்த ஒன்றில் இந்திய அறிஞர் இருவருக்குப் பங்கு உண்டு என்பதும் நம் மாணவர்கள் அறியத்தக்க விஷயமாகும்.

ஒரே கணம் என்னும் கொள்கை

நிகழ்நேர யந்திரம் என்பது, கணக்கைச் சரியாகப் போடுவதோடு அமையாமல், குறித்த அவகாசத்துக்குள் போட்டு முடிக்கவும் கடமைப்பட்ட யந்திரம். காலங்கடந்து வரும் சரியான விடை அங்கே பிழையான விடைக்குச் சமானம். இத்தகைய யந்திரங்களின் நடத்தையை விவரிப்பதற்கு எழுந்த இரு நெறிகளுள் முதலாவதை ஒத்தியங்கு முறை என்றும், இரண்டாவதை ஒத்தியங்கா முறை என்றும் கூறலாம்.

ஒத்தியங்கு முறையின் எளிய உருவத்தை அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலேயே காணலாம். 1964-இல் ஏற்பட்ட அப்பேட்டையின் பட்டறைகளில் அன்றாடம் பழகும் பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுக் கருவி, தன் உள்ளீடுகள் அனைத்தையும் முதலில் ஒருங்கே வாசித்துக்கொள்கிறது; பிறகு நிரலை முதலிலிருந்து கடைசி வரையில் கணிக்கிறது; அதன் பின்னரே வெளியீடுகள் அனைத்தையும் ஒருங்கே மாற்றுகிறது; சில மில்லிவினாடிகளில் முடியும் இச்சுற்றை ‘ஸ்கேன்’ என்பர். ஸ்கேன் நடுவில் வெளியே ஒரு பொத்தான் அழுத்தப்பட்டாலும் நிரலின் பார்வையில் அது அடுத்த ஸ்கேனில்தான் நிகழ்கிறது. தொழிலாளி இரு கைகளாலும் இரு பொத்தான்களை அரை வினாடிக்குள் அழுத்தினாலன்றி இறங்கக்கூடாத பிரஸ் யந்திரத்தை எடுத்துக்கொண்டால், காப்புக் கதவு மூடியிருக்கிறதா, இரு கைகளும் பொத்தான்மேல் உள்ளனவா என்னும் வினாக்களுக்கு ஒரே கணத்தைச் சார்ந்த விடைகள் கிடைப்பது எத்துணை இன்றியமையாதது என்பது விளங்கும். ஒரு வினாவுக்கு முந்திய கணத்தின் விடையையும் மற்றொன்றுக்குப் பிந்திய கணத்தின் விடையையும் கலந்து முடிவு செய்யும் யந்திரம் கையை நசுக்கிவிடும்.

இந்த நடைமுறையைக் கணித அடிப்படையுடைய சாஸ்திரமாக உயர்த்தியவை, 1980-களில் பிரெஞ்சு தேசத்தில் தோன்றிய மூன்று மொழிகள். சோஃபியா அந்திபோலிஸில் ஜெரார் பெர்ரியின் குழுவினர் எஸ்தெரெல் மொழியையும், கிரனோபிளில் போல் காஸ்பியும் நிக்கோலா ஹால்ப்வாக்ஸும் லுஸ்த்ர் மொழியையும், ரென் நகரில் போல் லெ கெர்னிக்கும் ஆல்பெர் பென்வெனிஸ்டும் சிக்னால் மொழியையும் உருவாக்கினர். மூன்றுக்கும் பொதுவான கற்பிதம் ஒன்று உண்டு: யந்திரம் ஒரு தூண்டுதலுக்கு மறுமொழி கூறுவதற்கு ஆகும் நேரம் பூஜ்யம். கச்சேரியில் பாடகரும் மிருதங்க வித்துவானும் ஒரே தாளத்தின் ஒரே அட்சரத்தில் சேர்ந்து விழுவது போல, நிரலின் எல்லாப் பகுதிகளும் ஒரே தர்க்கக் கணத்தில் சேர்ந்து இயங்குகின்றன. ஒருவர் எழுப்பும் சமிக்ஞையை மற்றனைவரும் அதே கணத்தில் கேட்கின்றனர். உலகில் எந்தச் செய்கையும் பூஜ்ய நேரத்தில் முடிவதில்லையாதலால், இக்கற்பிதத்தைப் பயன்படுத்துவோர் ஒரு நிபந்தனையை நிறைவேற்றக் கடமைப்பட்டவர்கள்: ஒரு மறுமொழிக்கு அதிகபட்சம் ஆகக்கூடிய நேரத்தை அளந்து, அது இரு தூண்டுதல்களுக்கு இடைப்பட்ட அவகாசத்தைவிடக் குறைவாகவே இருக்கும் என்று நிரூபித்தாக வேண்டும்.

அந்த நிபந்தனை நிறைவேறியபின் கிடைக்கும் லாபங்கள் பெரியவை. ஒரே உள்ளீட்டு வரிசைக்கு ஒரே வெளியீட்டு வரிசைதான் வரும். ஆதலால் ஒருமுறை கண்ட பிழையை மறுமுறையும் காணலாம், திருத்தலாம், திருந்தியதைச் சோதித்து உறுதி செய்யலாம். வினாடி மட்டுமே காலம் என்னும் வரையறையும் இங்கு இல்லை. சக்கரம் ஒருமுறை சுழல்வதும், வண்டி ஒரு மீட்டர் நகர்வதும், வினாடி ஒன்று கழிவதும் எஸ்தெரெலுக்குச் சமமான சமிக்ஞைகளே. ஆகவே ‘பத்து வினாடிக்குள்’ என்பதையும் ‘நூறு மீட்டருக்குள்’ என்பதையும் ஒரே இலக்கணத்தால் எழுதிவிடலாம். ஒரு சமிக்ஞை எழாவிட்டால் அதே சமிக்ஞையை எழுப்புக என்பது போன்ற, தனக்குத் தானே முரணான நிரல்களை மொழிபெயர்க்கும் கருவியே கண்டறிந்து தள்ளிவிடுகிறது. லுஸ்த்ரின் வழிவந்த ஸ்கேட் என்னும் கருவி அணுமின் நிலையங்கள், ஏர்பஸ் விமானங்கள், ரயில்கள் ஆகியவற்றின் கட்டுப்பாட்டு நிரல்களுக்குப் பயன்பட்டு வருவது இந்த லாபங்களின் காரணமாகவே.

ஆயினும் இம்முறைக்கு எல்லை உண்டு. ஒளியே ஒரு வினாடியின் நூறுகோடியில் ஒரு பங்கில் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் தூரந்தான் செல்லுகிறது. கம்பியிலும் வானொலியிலும் போகும் செய்திகளோ வரிசையில் காத்திருந்து, சில சமயம் தொலைந்தும்போய், வெவ்வேறு தாமதங்களுடன் சென்று சேர்கின்றன. பல கிலோமீட்டர் பரப்பில் சிதறிய கணிப்பொறிகள் யாவும் ஒரே கணத்தில் வாழ்கின்றன என்னும் கற்பிதம், ஒரு பலகைக்குள்ளோ ஒரு பெட்டிக்குள்ளோ உண்மைக்கு அருகிலிருந்தாலும், ஊர்களுக்கு இடையே பொய்யாகிவிடுகிறது.

தத்தம் காலத்தில் இயங்கும் உலகம்

ஒத்தியங்கா முறை இந்த உண்மையிலிருந்தே தொடங்குகிறது. இங்கே ஒவ்வொரு செயலும் தன் வேகத்தில் ஓடுகிறது. பிற செயல்களின் வேகத்தைப் பற்றி எதுவும் அனுமானிப்பதில்லை. தொடர்பு வேண்டும்போது மட்டும் செய்தி அனுப்பிச் சந்தித்துக்கொள்கிறது. 1978-இல் டோனி ஹோர் வெளியிட்ட சி.எஸ்.பி. என்னும் கோட்பாட்டில், அனுப்புகிறவரும் பெறுகிறவரும் இருவரும் ஆயத்தமாகும்போதுதான் செய்தி கைமாறும்; முன்னே வந்தவர் பின்னே வருகிறவருக்காகக் காத்திருப்பார். லைன் கிளியர் முறையின் சாரமே இது எனலாம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக ழான் இஷ்பியாவின் குழுவினர் வகுத்து 1983-இல் தரமாக ஏற்கப்பெற்ற ஆடா மொழியும் இத்தகைய சந்திப்பையே தன் செயல்களுக்கு இடையிலான தொடர்பாகக் கொண்டது.

இந்த முறையின் தேவையை ஆவடியைக் கொண்டு எண்ணிப் பார்க்கலாம். 1961-இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965-இல் விஜயந்தா டாங்கி உருவாயிற்று. 1976-இல் அதே ஊரில் அமைந்த போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம் பின்னர் அர்ஜுன் டாங்கியை வடிவமைத்தது. பொதுவாக இக்கால டாங்கி எதிலும், மேடுபள்ளத்தில் உருளும்போது பீரங்கிக்குழலை இலக்கின்மேல் அசையாது நிறுத்தும் கட்டுப்பாடு ஒரு நிலையான தாளத்தில் இடைவிடாது கணித்துக்கொண்டிருக்க, தளபதியின் கட்டளையும் தொலைவளக்கும் லேசர்க் கருவியின் விடையும் வானொலிச் செய்தியும் தத்தம் நேரத்தில் வந்து விழுகின்றன. இவையனைத்தையும் ஒரே தாளத்துக்குள் அடைப்பது இயலாது, இயன்றாலும் வீண்செலவு.

ஒத்தியங்கா முறையின் அபாயமோ, அதன் சுதந்திரத்திலிருந்தே பிறக்கிறது. செயல்கள் எந்த வரிசையில் பின்னிக்கொள்ளும் என்பது ஒவ்வோர் ஓட்டத்திலும் மாறக்கூடியதாகையால், ஆயிரம் சோதனைகளில் தலைகாட்டாத பிழை ஆயிரத்தோராவது தடவை தோன்றலாம். 1997 ஜூலை 4-ஆம் தேதி செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணிப்பொறி, சில நாட்களில், தன்னைத் தானே மீண்டும் மீண்டும் தொடக்கநிலைக்குத் திருப்பிக்கொள்ளத் தொடங்கிற்று. வானிலைத் தகவல் சேர்க்கும் தாழ்ந்த முன்னுரிமைச் செயல் ஒரு பொதுப்பூட்டைப் பிடித்திருந்த வேளையில், நடுத்தர முன்னுரிமைச் செயல் குறுக்கிட்டு ஓடியமையால், அதே பூட்டுக்காகக் காத்திருந்த உயர்ந்த முன்னுரிமைச் செயல் தன் அவகாசத்தைத் தவறவிட்டது. காவற்கடிகாரம் அதைக் கண்டு எல்லாவற்றையும் நிறுத்தித் தொடங்கியது. அதற்கு மருந்தாக அமைந்த முன்னுரிமை வாரிசு நெறியை விளக்கி 1990-இல் கட்டுரை வெளியிட்ட லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி ஆகிய மூவருள் ராஜ்குமார், கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்று சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர். அந்நெறி மிகச் சிறந்த மருந்து. ஆனால் அது ஒரு வகை நோயை மட்டுமே தீர்க்கும். செயல்களின் வரிசை முன்கூட்டி நிர்ணயமாகாமை என்னும் மூலகாரணம் அங்கேயே இருக்கிறது.

1993-ஆம் ஆண்டின் இணைப்பு

இவ்விரு முறைகளில் ஒன்றே போதும் என்று வாதிப்போர்க்கு ஒரு வலிய ஆதாரம் இருந்தது. 1983-இல் ராபின் மில்னர், ஒத்தியங்கு கணிதத்துக்குள்ளேயே ஒத்தியங்கா நடத்தையை எழுதிக்காட்ட முடியும் என்று நிறுவியிருந்தார். ஒரு செயல் எந்தக் கணத்திலும் சும்மா காத்திருக்க உரிமை உடையது என்று கொண்டால் போதும். கணித நோக்கில் இது உண்மை. ஆயினும் எழுதிக்காட்ட முடிவது வேறு, எழுதுகிறவனுடைய கருத்தை உள்ளபடி உணர்த்துவது வேறு. காத்திருத்தலை எங்கும் தூவிய நிரலில், எந்த இடத்தில் ஒரே கணம் என்பது உறுதி, எந்த இடத்தில் அது உறுதியன்று என்னும் பேதம் படிப்பவருக்கும் சோதிப்பவருக்கும் புலனாகாமல் மறைந்துவிடுகிறது.

இந்தப் பேதத்தைக் காத்துக்கொண்டே இரண்டையும் இணைத்தது, 1993 ஜனவரியில் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் கூடிய நிரல்மொழித் தத்துவ மாநாட்டில் வெளியான ‘கம்யூனிகேட்டிங் ரியாக்டிவ் ப்ராஸஸஸ்’ என்னும் கட்டுரை. அதன் ஆசிரியர் மூவர்: எஸ்தெரெலின் தந்தையாகிய ஜெரார் பெர்ரி, பம்பாய் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த எஸ். ரமேஷ், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். கே. ஷ்யாமசுந்தர். அதன் பெயரைச் சுருக்கிச் சி.ஆர்.பி. என்பர்.

சி.ஆர்.பி.யின் அமைப்பு எளிமையும் ஆழமும் ஒருங்கே உடையது. ஒரு பெரிய யந்திரம் பல கணுக்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கணுவும் ஒரு முழுமையான எஸ்தெரெல் நிரல். அதற்குச் சொந்தமான சூழலும் சொந்தமான கணங்களும் உண்டு. அதற்குள்ளே ஒத்தியங்கு முறையின் எல்லா உறுதிகளும் செல்லும். கணுக்களுக்கு இடையே பொதுவான கடிகாரம் கிடையாது. அவை ஹோர் வகுத்த சந்திப்பினாலேயே தொடர்புகொள்கின்றன. இரண்டையும் பொருத்தும் கீலாக, வெளியுலகச் செயலொன்றைத் தொடங்கிவைத்து அது முடிந்ததாக அறிவிக்கப்படும் வரையில் பொறுத்திருக்கும் ஒரு வாக்கிய வடிவம் அமைந்தது. கணித்து முடிக்க நீண்ட நேரம் பிடிக்கும் வேலையும், ஒரு ரோபோவின் கை நகர்வதும், இன்னொரு கணுவைச் சந்திப்பதும் இவ்வடிவத்துக்கு ஒரே ஜாதி: தொடக்கம் ஒரு கணத்தில், முடிவு வேறொரு கணத்தில், இடைப்பட்ட காலம் அறியப்படாதது.

இதனால் விளைந்த பயன் சாதாரணமானதன்று. ஹோரின் கோட்பாட்டில் சந்திப்புக்காகக் காத்திருக்கும் வரிசைச்செயல் அதுவரையில் வேறொன்றும் செய்வதில்லை. சி.ஆர்.பி.யின் கணுவோ, ஒரு பக்கத்தில் சந்திப்பைக் கோரி நிற்கையிலேயே மற்றப் பக்கங்களில் தன் சூழலுக்குக் கணந்தோறும் மறுமொழி கூறிக்கொண்டே இருக்கிறது. காத்திருப்பது போதும் என்று கருதினால் கோரிக்கையைக் கைவிடவும் செய்கிறது. லைன் கிளியருக்காகக் காத்திருக்கும் ஸ்டேஷன் மாஸ்டர், தம் நிலையத்துக் கேட்டையும் பாயின்டையும் கவனியாமல் உறைந்து நிற்பதில்லை என்பதை நினைத்துப் பார்த்தால், மொழியின் இலக்கணம் நடைமுறை ஞானத்தை எவ்வளவு அணுகிவிட்டது என்பது தெளிவாகும்.

கைவிடலும் உடன்பாடும்

இவ்விணைப்பில் மிகக் கடினமான இடம், கைவிடலும் உடன்பாடும் மோதும் கணம். ஒரு கணு, பொறுத்தது போதும் என்று தன் கோரிக்கையைக் கைவிடுகின்ற அதே தருணத்தில், எதிர்க்கணு அக்கோரிக்கைக்கு இசைந்துவிட்டால் என் செய்வது? ஒருவர் நடந்ததென்றும் மற்றவர் நடக்கவில்லையென்றும் நம்பிப் பிரிவார்களாயின், அதன்மேல் கட்டிய பாதுகாப்பு முழுவதும் சரிந்துவிடும். சந்திப்பு இரு கணுக்களிலும் நிகழ்ந்தது அல்லது இரண்டிலும் நிகழவில்லை; மூன்றாவது நிலை இல்லை என்பதை மொழியின் பொருளிலக்கணம் உறுதிசெய்ய வேண்டும். ரயில்வேயிலும், கொடுத்த லைன் கிளியரை ஒரு நிலையம் தன்னிச்சையாக ரத்துசெய்வதில்லை. ரத்தும் இருபக்கத்தாரும் பங்குகொள்ளும் காரியமே. சாதாரண நிரல்களில் இந்த மோதலை யாரும் எழுதுவதில்லை. இயக்கமுறைமையின் அழைப்புகளுக்கும் பூட்டுகளுக்கும் நடுவே அது தற்செயலாகத் தீர்கிறது. மொழிக்குள் கொண்டுவந்ததனால் அது நிரூபணத்துக்கு உரிய பொருளாயிற்று.

சி.ஆர்.பி. எல்லாவற்றுக்கும் விடையன்று. இழப்புக்கு இடமுள்ள வானொலித் தொடர்பில், இருவர் உடன்பட்டதை இருவருமே ஐயமின்றி அறிந்துகொள்வது எத்தனை மறுமொழிகள் அனுப்பினாலும் இயலாது என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை. அங்கே சந்திப்பு என்பதை நேரடியாக நிறைவேற்ற முடியாது. ஆகவே பின்வந்தோர் வேறு இணைப்புகளையும் தேடினர். ரமேஷ் 1998-இல் இதே கருத்தை நிலைப்படங்களாக வரையும் வடிவில் வளர்த்தார். பசந்த் ராஜனும் ஷ்யாமசுந்தரும் 2000-இல் பல கடிகாரங்களைக் கொண்ட எஸ்தெரெலை வகுத்தனர். எத்தகைய ஒத்தியங்கு நிரல்களைப் பிரித்துத் தாமதமுள்ள கம்பிகளால் இணைத்தாலும் பொருள் மாறாது என்பதற்கான நிபந்தனைகளை பென்வெனிஸ்டும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்தனர். நியூசீலாந்தின் ஆக்லந்தில் பார்த்தா ரூப் உள்ளிட்டோர் உருவாக்கிய சிஸ்டம்-ஜே மொழி, உள்ளே ஒத்தியங்கும் பகுதிகளைச் சந்திப்பு வாய்க்கால்களால் இணைக்கிறது.

பூந்தமல்லிப் பாதை

இந்த ஆராய்ச்சிகள் எதற்கு என்று கேட்போர்க்குப் பூந்தமல்லியே விடை கூறும். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி புறவழிச்சாலை வரையில் 26.1 கிலோமீட்டர் நீளும் சென்னை மெட்ரோ பாதை, ஓட்டுநரின்றி ஓடக்கூடிய வண்டிகளுக்கென்று வகுக்கப்பட்டது. 2025 மார்ச் மாதத்தில் பூந்தமல்லியிலிருந்து முல்லைத்தோட்டம் வரையில் சோதனை ஓட்டம் நடந்தது. வானொலியால் வண்டிகளை ஆளும் இத்தகைய பாதைகளில், வண்டியிலுள்ள கணிப்பொறி தன் சுற்றில் வேகத்தையும் இருப்பிடத்தையும் கதவுகளின் நிலையையும் கணிக்கிறது. பாதையோரக் கணிப்பொறி தன் சுற்றில் எல்லா வண்டிகளின் இருப்பிடங்களையும் சேர்த்து, ஒவ்வொன்றும் எதுவரையில் போகலாம் என்று நிர்ணயிக்கிறது. இரண்டுக்கும் இடையே வானொலிச் செய்திகள் தாமதித்தும் சில வேளை தொலைந்தும் செல்கின்றன.

வண்டிக்குள் ஒத்தியங்கு முறை அவசியம். ‘கதவுகள் மூடியுள்ளன’ என்பதும் ‘புறப்படு’ என்பதும் ஒரே கணத்தைச் சார்ந்திருக்க வேண்டும். வண்டிக்கும் பாதையோரத்துக்கும் இடையே ஒத்தியங்கா முறை தவிர்க்க முடியாதது. ஆகவே ஒவ்வொரு செய்தியும் தான் பிறந்த நேரத்தைத் தாங்கி வருகிறது. பழைய செய்தி தள்ளப்படுகிறது. குறித்த அவகாசத்துக்குள் புதிய செய்தி வாராவிட்டால் வண்டி தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. அறியாமை நேர்ந்தபோது அபாயமற்ற பக்கம் சாய்க என்னும் இவ்விதி, வானொலி எல்லைக்கு உரிய உடன்பாடு. கம்பியால் இணைந்த இரு நிலையங்களுக்குச் சந்திப்பும், காற்றால் இணைந்த வண்டிக்கு முத்திரையிட்ட நேரமும் அவகாசமும் என்று, எல்லையின் இயல்புக்கேற்ப உடன்பாட்டின் வடிவம் மாறலாம். அது எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது மட்டும் மாறாது.

செய்யத்தக்கது

பட்டறைகளின் நிலைமையும் இதையே வற்புறுத்துகிறது. பி.எல்.சி. மொழிகளுக்கான சர்வதேசத் தரமாகிய 61131-3, சி.ஆர்.பி. வெளிவந்த அதே 1993-இல் வெளியாயிற்று. அது ஸ்கேன் என்னும் ஒத்தியங்கு உலகத்தை ஒழுங்குபடுத்திற்று. பல கருவிகளில் சிதறிய கட்டுப்பாட்டுக்கென்று 2005-இல் வந்த 61499 என்னும் தரம் நிகழ்ச்சிகளை அடிப்படையாகக் கொண்டது. அதன் விதிகள் சில இடங்களில் இருபொருள் படவே, ஒரே நிரல் வெவ்வேறு கருவிகளில் வெவ்வேறு விதமாக நடந்தது. ஆக்லந்துக் குழுவினர் அந்நிரல்களை எஸ்தெரெலுக்கு மொழிபெயர்த்து ஒரே பொருளை நிலைநாட்டிக் காட்டினர். ஒரு பி.எல்.சி.க்குள் ஐயமற இயங்கும் நிரல், இரண்டாவது பி.எல்.சி.யோடு கம்பியால் இணைந்தவுடன் ஐயத்துக்கு இடமாவது அம்பத்தூரிலும் ஆக்லந்திலும் ஒன்றுபோலவே நிகழும் விஷயம்.

ஆகையால் மூன்று காரியங்கள் நம் கையில் உள்ளன. நிகழ்நேரக் கணிப்பொறியியலைப் போதிக்கும் கல்லூரிகள், பூட்டுகளையும் முன்னுரிமைகளையும் கற்பிப்பதோடு, ஓர் ஒத்தியங்கு மொழியையும் அதைச் சந்திப்போடு இணைக்கும் முறையையும் மாணவர்களைக் கொண்டு எழுதச் செய்ய வேண்டும். யந்திரக் கட்டுப்பாட்டுக்கு ஒப்பந்தம் செய்வோர், எந்தப் பகுதிகள் ஒரே கணத்தைப் பகிர்கின்றன, எந்த இடத்தில் கணங்கள் பிரிகின்றன, பிரியும் இடத்தில் தாமதமும் இழப்பும் நேர்ந்தால் யந்திரம் எப்பக்கம் சாயும் என்பவற்றை நிரலோடு கூடவே எழுத்தில் கேட்டுப்பெற வேண்டும். உரிய மொழி கைவசம் இல்லாமல் சி மொழியில் எழுத நேர்ந்தவர்கள்கூட, உள்ளீட்டை ஒருங்கே வாசித்து வெளியீட்டை ஒருங்கே மாற்றும் ஒழுங்கை ஒவ்வொரு பகுதிக்குள்ளும் கடைப்பிடித்து, பகுதிகளுக்கு இடையிலான செய்திகளைப் பெயரிட்ட சில வாயில்களின் வழியே மட்டும் விடலாம். அதற்குப் புதிய கருவியோ புதிய பணமோ தேவையில்லை.

விபத்துகள் பெரும்பாலும் இருவேறு காலங்கள் சந்திக்கும் எல்லையில், யாரும் எழுதாமல் விட்ட ஒரு வரியிலேயே பதுங்கியிருக்கின்றன. அந்த வரியை எழுதுவதற்கு ஓர் இலக்கணத்தை நம் நாட்டு அறிஞர்கள் பிறநாட்டு அறிஞரோடு தோளிணைந்து 1993-லேயே ஆக்கித் தந்துவிட்டார்கள். ஓட்டுநரில்லாத வண்டியில் தன் குழந்தையோடு ஏறப்போகும் ஒவ்வொரு பிரயாணிக்கும், அந்த வரி எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்கும் உரிமை உண்டு. எழுதப்பட்டிருக்கிறது, இதோ என்று காட்ட வேண்டிய பொறுப்பு, அவ்வண்டியின் நிரலை எழுதுகிறவர்களுடையது.